ஸ்பானியத்தில் உடைமையைச் சொல்லும் வழிகள்: எந்த இடத்தில் எதை எடுப்பது?

ஸ்பானியம் படிப்பவர்கள் ஓரளவு பேசத் தொடங்கியதும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். "அவளுடைய வீடு" என்பதற்கு 'ஸு காஸா' என்றும் இருக்கிறது, 'லா காஸா டெ எயா' என்றும் இருக்கிறது. "என் நண்பர்" என்பதற்கு 'மி அமீகோ', 'ஊன் அமீகோ மீயோ' இரண்டும் காதில் விழுகின்றன. அப்புறம் தலைவலி வந்தால் 'என்' என்ற சொல்லே வாக்கியத்தில் இல்லை. இதில் எதை எடுப்பது?

இந்தக் குழப்பத்துக்குப் பெரிய காரணம், நம்மில் பெரும்பாலோர் ஸ்பானியத்தை ஆங்கிலம் வழியாகப் படிப்பதுதான். ஆங்கிலத்தில் கைக்கும் காலுக்கும் சட்டைக்கும் 'மை', 'ஹிஸ்' போட்டே ஆக வேண்டும். அந்தப் பழக்கத்தோடு போனால் ஸ்பானியத்தில் மி, ஸு இரண்டும் தேவையில்லாத இடத்திலெல்லாம் வந்து உட்கார்ந்துவிடும். தமிழிலிருந்து நேராகப் போகிறவருக்குப் பல இடங்களில் வேலை எளிது. எங்கே எளிது, எங்கே தமிழும் காலை வாரிவிடும் என்பதையும் சேர்த்தே ஒவ்வொரு வழியையும் எடைபோடுகிறேன்.

ஒலிபெயர்ப்பு பற்றி ஒரு வார்த்தை. லத்தீன் அமெரிக்க உச்சரிப்பை வைத்து எழுதியிருக்கிறேன். 'ட' என்று எழுதியிருப்பதை 'அது' என்பதில் வரும் ஒலியாகவும், 'த' என்று எழுதியிருப்பதை 'பத்து' என்பதில் வரும் ஒலியாகவும் படியுங்கள்.

## எதை வைத்து முடிவு செய்வது?

முதலில் கேட்க வேண்டியது, உடைமையைச் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கிறதா என்பது. பொருள் உடம்பின் பகுதியாகவோ உடுத்தும் துணியாகவோ இருந்தால் பெரும்பாலும் அவசியமில்லை.

இரண்டாவது, உடையவர் யார் என்று கேட்பவருக்கு ஏற்கெனவே தெரியுமா? தெரியும் என்றால் சிறிய சொல் போதும். தெரியாது என்றால் பெயரைச் சொல்லியாக வேண்டும்.

மூன்றாவது, அழுத்தம் எங்கே விழுகிறது? "என் பை" என்று போகிறபோக்கில் சொல்வதும், "இது என்னோடது, உன்னோடது இல்லை" என்று நிறுத்திச் சொல்வதும் வேறு வேறு.

கடைசியாக, யாரிடம், எந்த நாட்டில், பேச்சிலா எழுத்திலா? மாட்ரிட்டில் இயல்பாக ஒலிப்பது மெக்சிகோவில் விநோதமாக ஒலிக்கலாம்.

| வழி | உடையவர் யார் என்பது தெளிவா? | எங்கே பொருந்தும்? | மறைந்திருக்கும் சிக்கல் |
|---|---|---|---|
| டெ ('உடைய' என்ற பொருள் தரும் சொல்) + பெயர் | மிகத் தெளிவு | உடையவரை முதன்முறை சொல்லும்போது, எழுத்தில் | 'ஆல் ஆன', 'பற்றிய' என்ற பொருளும் வரும். சங்கிலி நீளும் |
| மி, தூ, ஸு (என், உன், அவருடைய) | மி, தூ தெளிவு. ஸு மங்கல் | அன்றாடப் பேச்சு, உறவினர், பொருள்கள் | ஸு குறைந்தது ஆறு பேரைக் குறிக்கும் |
| மீயோ, தூயோ, ஸூயோ (என்னுடையது, உன்னுடையது, அவருடையது) | மீயோ, தூயோ தெளிவு; ஸூயோ மங்கல் | அழுத்தம், 'என் நண்பர்களில் ஒருவர்' | பால், எண் இரண்டும் பொருளோடு ஒத்துப்போக வேண்டும் |
| மே, தே, லே (எனக்கு, உனக்கு, அவருக்கு) + எல்/லா (ஆங்கில 'தி' போன்ற சுட்டு) | சூழலைப் பொறுத்தது | உடம்பு, உடை, இழப்பு, திருட்டு | எல்லா வினைக்கும் பொருந்தாது |
| தெனேர் (வைத்திருத்தல்), ஸெர் டெ (இன்னாருடையதாக இருத்தல்), பெர்தெனெஸேர் (சொந்தமாக இருத்தல்) | தெளிவு | உடைமையே செய்தியாக இருக்கும்போது | தெனேர் உரிமையை நிரூபிக்காது |

## 'டெ': பெயரைச் சொல்லிவிடுவது

ஸ்பானியத்தில் பெயரோடு ஒட்டிக்கொள்ளும் வேற்றுமை உருபு கிடையாது. லத்தீனில் இருந்த ஆறாம் வேற்றுமை உதிர்ந்துபோய், அந்த வேலையை 'டெ' என்ற முன்னிடைச் சொல் எடுத்துக்கொண்டது. 'லா காஸா டெ மரீயா' என்றால் மரியாவின் வீடு. வரிசை நமக்கு நேர் எதிர்: பொருள் முன்னால், உடையவர் பின்னால்.

'எல் கார்ரோ டெல் எர்மானோ டெ லா எஸ்போஸா டெல் ஹெஃபெ' என்பதைக் கடைசியிலிருந்து படித்தால் அப்படியே தமிழ்: மேலதிகாரியின் மனைவியின் சகோதரனின் கார். மொழிபெயர்க்கும்போது இந்தத் தலைகீழ் வரிசை கைகொடுக்கும். ஆனால் பேச்சில் மூன்று 'டெ'க்கு மேல் போனால் கேட்பவர் தொலைந்துவிடுவார்.

'டெ'யின் பெரிய பலம் தெளிவு. ஆனாலும் அதற்கு வேறு வேலைகளும் உண்டு. 'ஊன் ரெத்ராதோ டெ கோயா' என்பது ஓவியர் கோயா வரைந்த உருவப்படமாக இருக்கலாம், கோயாவையே வரைந்த படமாக இருக்கலாம், கோயாவுக்குச் சொந்தமான படமாகவும் இருக்கலாம். அருங்காட்சியகக் குறிப்பையோ ஏல அறிவிப்பையோ மொழிபெயர்ப்பவர் இந்த இடத்தில் நின்று யோசித்தே ஆக வேண்டும்.

எழுத்தில் இன்னொரு கண்ணி. 'டெ'யும் 'எல்' என்ற சுட்டும் சேர்ந்தால் 'டெல்' என்று ஒன்றாகிவிடும். 'அவன்' என்ற பொருளில் வரும் 'எல்' மீது ஒலிக்குறி இருக்கும். அது 'டெ'யோடு சேராது. ஆக 'டெல் ஹெஃபெ' (மேலதிகாரியுடைய) ஒரே சொல்லாகவும், 'டெ எல்' (அவனுடைய) இரண்டு சொல்லாகவும் எழுதப்படும்.

'என்', 'உன்' என்பதற்கு இந்த வழி மூடியிருக்கிறது. 'லா காஸா டெ மி' என்று யாரும் சொல்வதில்லை, 'மி காஸா'தான். 'டெ நோஸோத்ரோஸ்' (எங்களுடைய) மட்டும் லத்தீன் அமெரிக்கப் பேச்சில் பரவலாகக் கேட்கும்.

## 'மி, தூ, ஸு': எளிமையும் அதன் விலையும்

இவை பொருளோடு ஒத்துப்போகும், உடையவரோடு அல்ல. 'ஸுஸ் லீப்ரோஸ்' என்பதில் பன்மை புத்தகங்களுக்கானது. ஒரே ஒருவருடைய பல புத்தகங்களுக்கும் 'ஸுஸ்', பல பேருடைய ஒரே வீட்டுக்கு 'ஸு காஸா'. 'அவர்களுடைய' என்றாலே 'ஸுஸ்' என்று எழுதுவது தொடக்கத்தில் மிக அதிகமாக வரும் பிழை.

மி, தூ இரண்டிலும் பயப்பட ஒன்றுமில்லை. ஸு மட்டும்தான் சோதிக்கும். அவனுடைய, அவளுடைய, அதனுடைய, உங்களுடைய (மரியாதை ஒருமை), அவர்களுடைய, உங்களுடைய (பன்மை) எல்லாமே ஸு. 'பெட்ரோ பெர்டியோ ஸு யாபே' என்ற வாக்கியத்தைப் பாருங்கள். பெட்ரோ தன் சாவியைத் தொலைத்தான், அவளுடைய சாவியைத் தொலைத்தான், உங்கள் சாவியைத் தொலைத்தான் என்று மூன்று விதமாகவும் இதைப் படிக்கலாம்.

தமிழில் 'தன்' இருக்கிறது. எழுவாய்க்கே சொந்தமானது என்று அது சட்டென்று காட்டிவிடுகிறது. லத்தீனிலும் இந்த வேறுபாடு இருந்தது: 'ஸூஉஸ்' என்றால் தன்னுடைய, 'எயுஸ்' என்றால் வேறொருவனுடைய. ஸ்பானியம் முதலாவதிலிருந்து ஸு-வை எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டது. பிரெஞ்சும் இத்தாலியும் 'அவர்களுடைய' என்பதற்காவது 'லர்', 'லோரோ' என்று தனிச் சொல் வைத்துக்கொண்டன. ஸ்பானியத்தில் அதுவும் இல்லை. எனவே நம் 'தன்' கைகொடுக்கும் என்று நம்பி ஸு-வைப் போட்டுவிட்டால், நமக்குத் தெளிவாகத் தெரிவது கேட்பவருக்குத் தெரியாது.

தீர்வு எளிது. குழப்பம் வரும் என்று தோன்றினால் ஸு-வை விட்டுவிட்டு 'லா யாபே டெ எயா' (அவளுடைய சாவி), 'லா யாபே டெ உஸ்தெட்' (உங்கள் சாவி) என்று போங்கள். தன்னுடையதே என்று அழுத்த 'ஸு ப்ரோபியா யாபே' இருக்கிறது. எதிரில் இருப்பவரிடம் அவருடைய பெட்டியைக் காட்டிக் கேட்கும்போது ஸு-வே போதும்; சூழல் மற்றதைச் சொல்லிவிடும்.

உறவுச் சொற்களில் தமிழ் நம்மைத் தவறான பக்கம் இழுக்கிறது. கூடப் பிறந்தவர் யாரும் இல்லாதவரும் 'எங்க அம்மா' என்றுதான் சொல்வார். அதை அப்படியே 'நுவெஸ்த்ரா மாட்ரே' என்று மாற்றினால், கூடவே இன்னொரு சகோதரரோ சகோதரியோ இருப்பதாக எதிரில் இருப்பவர் எடுத்துக்கொள்வார். 'மி மாட்ரே', 'மி மமா' என்று ஒருமையில் சொல்லப் பழக வேண்டும். ஒருமையில் சொல்வது மரியாதைக் குறைவு என்ற உணர்வு நமக்குள் இருக்கிறது; அங்கே அப்படி இல்லை. 'நம்', 'எங்கள்' என்ற வேறுபாடும் ஸ்பானியத்தில் கிடையாது, இரண்டுக்கும் நுவெஸ்த்ரோதான்.

மெக்சிகோ போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒருவர் தன் வீட்டைப் பற்றிப் பேசும்போதே 'ஸு காஸா' என்பார். "அது உங்கள் வீடு" என்ற உபசார வழக்கு அது. முகவரி சொல்லும்போது இது வந்தால், அவர் உங்கள் வீட்டைச் சொல்கிறார் என்று நினைத்துவிட வேண்டாம்.

## 'மீயோ, தூயோ, ஸூயோ': அழுத்தம் வேண்டும் இடம்

இவை பெயருக்குப் பின்னால் வரும். 'மி அமீகோ' என்றால் யார் என்று தெரிந்த நண்பர். 'ஊன் அமீகோ மீயோ' என்றால் "என் நண்பர் ஒருத்தர்". தமிழில் 'ஒருத்தர்' செய்யும் வேலையை அங்கே 'ஊன்' செய்கிறது. யாரென்று கேட்பவருக்குத் தெரியாத நண்பரைப் பற்றிக் கதை தொடங்கும்போது இரண்டாவதுதான் சரி.

'எஸ் மீயோ' என்றால் "இது என்னோடது", உரிமையைச் சொல்கிறது. 'எஸ் எல் மீயோ' என்றால் பலவற்றுக்கு நடுவில் "இதுதான் என்னோடது", அடையாளம் காட்டுகிறது. விமான நிலையத்தில் ஒரே மாதிரிப் பெட்டிகள் வரிசையாக வரும்போது இரண்டாவதைச் சொல்ல வேண்டும். பெட்டிக்கு 'மலேதா' என்றால் பெண்பால், எனவே 'எஸ் லா மீயா'. பால் ஒத்துப்போகாவிட்டால் உடனே காதில் இடிக்கும். அதுதான் இந்த வழியின் விலை.

'டெத்ராஸ் மீயோ' (எனக்குப் பின்னால்) என்று அர்ஜென்டினாவிலும் வேறு இடங்களிலும் தாராளமாகப் பேசுவார்கள். ஸ்பானிய மொழி வழக்குகளை வரையறுக்கும் ஸ்பானிய அரச கழகம் பரிந்துரைப்பது 'டெத்ராஸ் டெ மி'. தேர்வு எழுதுபவர்கள் கழகம் சொல்வதையே பின்பற்றுவது நல்லது.

## 'மே, தே, லே': தமிழருக்கு மிக நெருக்கமான வழி

'மே டுவெலே லா கபேஸா' என்பதைச் சொல்லுக்குச் சொல் பார்த்தால்: எனக்கு, வலிக்கிறது, தலை. "எனக்குத் தலை வலிக்குது" என்று நாம் சொல்வதேதான். நான்காம் வேற்றுமை உடையவரைக் காட்டிவிடுகிறது. தலைக்கு முன்னால் 'என்' தேவைப்படுவதில்லை. 'மி கபேஸா' என்று இங்கே போட்டால் புரியும், ஆனால் ஆங்கிலம் வழியாக வந்தவர் என்பதும் தெரிந்துவிடும்.

இன்னும் நெருக்கமான ஒன்று இருக்கிறது. 'மே லாபே லாஸ் மானோஸ்' என்பது "கையைக் கழுவிக்கிட்டேன்". 'பொன்தே லா கமீஸா' என்பது "சட்டையைப் போட்டுக்கோ". நம் 'கொள்' என்ற துணைவினை செய்யும் வேலையைத்தான் அங்கே 'மே', 'தே', 'ஸே' செய்கின்றன. கழுவுவது தன் கையை, போடுவது தன் சட்டையை என்று அந்தச் சிறு சொல்லே காட்டிவிடுகிறது. 'மே கோர்தே எல் பேலோ' என்றால் "முடி வெட்டிக்கிட்டேன்". கடைக்காரர் வெட்டியிருந்தாலும் தமிழில் எப்படி அதையே சொல்கிறோமோ அங்கேயும் அப்படித்தான். இதைப் பாடமாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. "இந்த இடத்தில் தமிழில் 'கிட்டேன்', 'க்கோ' வருமா?" என்று கேட்டுக்கொண்டால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

பெரும்பாலும்தான், எப்போதும் அல்ல. கை தூக்குவது, கண் திறப்பது போல உடம்பு இயல்பாகச் செய்யும் அசைவுக்கு 'மே' வராது. 'லெபான்தே லா மானோ' (கையைத் தூக்கினேன்) அப்படியே போதும். உடம்பின் பகுதியே எழுவாயாக இருந்தால் ஸு திரும்பி வரலாம்: 'ஸுஸ் மானோஸ் தெம்ப்லாபான்', அவளுடைய கைகள் நடுங்கின. கண் நிறத்தைச் சொல்ல 'தியேனே லோஸ் ஓஹோஸ் அஸூலெஸ்' என்று சுட்டோடு போவார்கள்.

தமிழ் கைவிடும் இடம் திருட்டும் இழப்பும். "என் காரைத் திருடிட்டாங்க" என்று நாம் 'என்' போடுவோம். ஸ்பானியத்தில் 'மே ரொபாரோன் எல் கார்ரோ'. திருட்டு காருக்கு நடந்ததாகச் சொல்லாமல் எனக்கு நடந்ததாகச் சொல்கிறது. வளர்த்த நாய் செத்துப்போனால் 'ஸே மே முரியோ எல் பெர்ரோ'. பாட்டி, தாத்தா இறந்தாலும் இதே அமைப்பைப் பயன்படுத்துவார்கள். 'மி பெர்ரோ முரியோ' என்பதும் சரியான வாக்கியமே, ஆனால் அதில் தகவல் மட்டும் இருக்கிறது. முதலாவதில் அந்த இழப்பு என்னை வந்து தொட்டது என்பதும் இருக்கிறது. துக்கம் விசாரிக்கும்போதும் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கும்போதும் இந்த வேறுபாடு பேச்சின் தொனியையே மாற்றிவிடும்.

'லே'யில் ஸு-வின் நோய் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது: அவனுக்கு, அவளுக்கு, உங்களுக்கு எல்லாம் 'லே'. கடைசியில் 'ஆ எயா' (அவளுக்கு) என்றோ 'ஆ உஸ்தெட்' (உங்களுக்கு) என்றோ சேர்த்துவிட்டால் போதும்.

## வினைகள்: உடைமையே செய்தி என்றால்

"எனக்கு ரெண்டு தங்கச்சி", "என்கிட்ட பணம் இருக்கு" இரண்டுக்கும் ஸ்பானியத்தில் 'தெங்கோ'தான் ('தெனேர்' என்ற வினையின் 'நான்' வடிவம்). "இது என்னோடது" என்பதற்குத்தான் 'எஸ் மீயோ'. இன்னொருவருடையது என்றால் 'எஸ் டெ அனா'. யாருடையது என்று கேட்க 'டெ கியென் எஸ்?'. தெனேர் கைவசம் இருப்பதைத்தான் சொல்கிறது. 'தெங்கோ எல் லீப்ரோ டெ அனா', அனாவின் புத்தகம் என்னிடம் இருக்கிறது, என்னுடையது அல்ல.

வாடகை ஒப்பந்தம் போடுபவர்களுக்கு இது முக்கியம். 1889-ஆம் ஆண்டின் ஸ்பெயின் உரிமையியல் சட்டத் தொகுப்பு 'ப்ரோபியெடாட்' என்ற உரிமையையும் 'பொஸெஸியோன்' என்ற கைவசத்தையும் தனித்தனித் தலைப்புகளில் வைத்துப் பேசுகிறது. வீடு யாருக்குச் சொந்தம் என்று எழுத 'பெர்தெனேஸே ஆ' அல்லது 'ப்ரோபியெடாட் டெ' போடுங்கள். பேச்சில் பெர்தெனெஸேர் கொஞ்சம் விறைப்பாக ஒலிக்கும், "இந்தப் பேனா யாருடையது?" என்பதற்கெல்லாம் அது தேவையில்லை.

எழுத்தில் மட்டும் வாழும் இன்னொரு சொல் 'குயோ'. "யாருடைய பிள்ளைகள் இங்கே படிக்கிறார்களோ அந்தப் பெண்" போன்ற வாக்கியங்களுக்கு அது உதவும். இதுவும் பொருளோடுதான் ஒத்துப்போகும்: 'குயோஸ் ஈஹோஸ்'. பேச்சில் பலர் இதைத் தவிர்த்து 'கே ஸு' என்று சொல்லிவிடுகிறார்கள்; எழுத்தில் அது பிழையாகக் கருதப்படும்.

## ஊருக்கு ஊர்

ஸ்பெயினில் நண்பர் கூட்டத்தைப் பார்த்து 'புவெஸ்த்ரா காஸா' (உங்கள் வீடு) என்பார்கள். லத்தீன் அமெரிக்காவில் அந்தச் சொல் அன்றாடப் பேச்சில் இல்லை. அங்கே 'ஸு காஸா' அல்லது 'லா காஸா டெ உஸ்தேடெஸ்'. ஆகவே ஸு-வின் சுமை அங்கே இன்னும் கூடுதல், 'டெ' சேர்த்துத் தெளிவாக்கும் பழக்கமும் கூடுதல். அர்ஜென்டினாவில் 'நீ' என்பதற்கு 'போஸ்' என்றாலும் 'உன்' என்பதற்கு 'தூ'தான். குவாதமாலாவில் 'ஊன் மி அமீகோ' என்று கேட்டால் வியக்க வேண்டாம். அது அங்குள்ள வழக்கு.

ஆண்டிஸ் மலைப்பகுதியில் கேட்கும் ஒன்று தமிழ்க் காதுக்கு இதமாக இருக்கும்: 'டெ ஹுவான் ஸு காஸா'. ஹுவானோட வீடு! உடையவர் முன்னால், பொருள் பின்னால். இது அந்த மலைப்பகுதியின் பழங்குடி மொழியான கெச்சுவாவின் தாக்கம். அதில் 'ஹுவான்பா வாஸின்' என்று உடையவரிடமும் ஓர் உருபு, பொருளிடமும் ஓர் உருபு வரும். பெருவின், பொலிவியாவின் மலையூர்களில் இதைக் கேட்டு ரசிக்கலாம். நம் நாக்குக்கு எளிதாக வருகிறது என்பதற்காக அலுவலகக் கடிதத்திலோ தேர்விலோ எழுதிவிட்டால் மதிப்பெண் போகும்.

## சரி, உங்கள் நிலைமைக்கு எது?

இப்போதுதான் பேசத் தொடங்கியிருக்கிறீர்கள் என்றால் மி, தூ, 'டெ + பெயர்' இந்த மூன்றும் போதும். ஸு-வை எதிரில் இருப்பவருக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மூன்றாம் நபர் வந்ததும் பெயருக்குப் போய்விடுங்கள். பேச்சு கொஞ்சம் நீளும், ஆனால் தவறாகப் புரிந்துகொள்ளப்பட மாட்டீர்கள்.

ஸ்பானிய மொழித் திறனைச் சோதிக்கும் இன்ஸ்டிட்யூட்டோ செர்வாந்தெஸின் டெலே தேர்வுக்குத் தயாராகிறவர்கள் 'மே, தே, லே' பகுதியில் அதிக நேரம் செலவிடுங்கள். பேச்சுத் தேர்வில் இயல்பான நடையைக் காட்டும் இடங்களில் அதுவும் ஒன்று, அதோடு தமிழருக்கு வேகமாகப் படியும்.

வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் எழுதும் வேலை என்றால் 'உஸ்தெட்' நடையில் ஸு பொருத்தமானது, மரியாதையானது. ஒரே மின்னஞ்சலில் வாடிக்கையாளரும் அவருடைய விற்பனையாளரும் வந்தால் 'ஸு பெடீடோ' (ஆர்டர்) யாருடையது என்று தெரியாமல் போகும். வாடிக்கையாளருக்கு ஸு, மற்றவருக்கு நிறுவனத்தின் பெயரோடு 'டெ' என்று ஒரு வரையறை வைத்துக்கொண்டு கடைசி வரை அதையே பின்பற்றுங்கள்.

மருத்துவமனையில் நோயாளிக்காக மொழிபெயர்ப்பவர்கள் வலி, காயம், வீக்கம் எல்லாவற்றையும் 'லே' வழியில் சொல்லி, முதல் தடவை மட்டும் 'ஆ எயா' அல்லது 'ஆ எல்' சேர்த்துவிடுங்கள். தாயும் குழந்தையும் ஒரே அறையில் இருக்கும்போது மருந்துச் சீட்டைப் பற்றிப் பேசினால் ஸு-வே வேண்டாம். 'லா ரெஸேதா டெ லா நீன்யா', சிறுமியின் மருந்துச் சீட்டு, என்று ஒவ்வொரு முறையும் முழுதாகவே சொல்லுங்கள்.